ஒன்பதாவது ஸ்கோர் நோட்டு

மார்ச் 5, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் சுயம்பு. கூட மூன்று பேர். நொச்சிமடை லெவன் பிரதர்ஸ் கிரிக்கெட் கிளப்புக்கு இது நாற்பதாவது வருடமாம். மே மாதக் கடைசியில் விழாவாம், மலர் போடுகிறார்களாம். கிளப்பின் வரலாற்றை நான் எழுதித் தரவேண்டுமாம்.

"கிரிக்கெட்டுக்கும் எனக்கும் என்னடே சம்பந்தம்?" என்றேன்.

"பிழையில்லாம எழுதுற ஆளு ஊர்ல நீங்க ஒருத்தருதான சார். முப்பத்தோரு வருசம் ஸ்கூல்ல டி.சி. எழுதிருக்கிய. எவன் பேருலயாவது ஒரு புள்ளி மாறிருக்கா?"

ஐஸ் வைக்கிறான் என்று தெரிகிறது. ஆனாலும் சொன்னது உண்மை. என் கையெழுத்தில் போன எந்தச் சான்றிதழும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

சுயம்புதான் இப்போது கிளப்பின் கேப்டன். ஜெரினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான், கதவு நிலையைப் பார்த்துப் பேசுவான். போன வருடம் மே எட்டாம் தேதியிலிருந்து ஊரில் பாதிப் பேர் என்னிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். அன்றுதான் நான்குவழிச்சாலையில் அது நடந்தது. ஜெரினுக்கு இருபத்தைந்து வயது, எனக்கும் ரோஸ்லினுக்கும் ஒரே பிள்ளை. அதைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பழைய நோட்டெல்லாம் இருந்தா கொண்டு வாங்க, பாப்போம்" என்று வந்துவிட்டது.

மார்ச் 7, செவ்வாய்

ரேஷன் கடை. அரிசி, சீனி, ஒரு பாமாயில். கடைக்காரப் பையன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "சார், மூணு பேர் கணக்குலயே ஓடுது. ஒரு பேரை நீக்கச் சொல்லி ஆபீஸ்ல கேக்காங்க" என்றான். ஒரு படிவமும் கொடுத்தான். தாலுகா ஆபீஸுக்கு அலைய எனக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது.

மார்ச் 10, வெள்ளி

ஸ்கோர் நோட்டுகள் ஒரு உரச்சாக்கில் வந்து இறங்கின. பதினொன்று. 2015-க்கு முந்தியதையெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம். முப்பது வருட வரலாற்றைக் கரையான் படித்துவிட்டது, மிச்சத்தை நான் படிக்க வேண்டும்.

பழைய கதைக்குப் பூலோகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கிளப்பை ஆரம்பித்தவர், என்னைவிட ஒரு வயது மூத்தவர், வாழைக்காய் வியாபாரம். நன்றாகப் பேசினார். 1983-இல் குளம் சுத்தமாக வற்றிவிட்டது, குளத்துக்குள்ளேயே பிட்ச் போட்டோம் என்றார். ஒவ்வொரு மழைக்கும் பிட்ச் தண்ணீருக்குள் போய்விடும். மாசி பங்குனியில் தண்ணீர் வடிந்ததும் நடு மடையிலிருந்து கிழக்கே அறுபத்திரண்டு எட்டு எண்ணி நடந்து மறுபடி பிட்ச் போடவேண்டும். இன்றைக்கும் பூலோகம்தான் எட்டு வைக்கிறார். அவருக்கு முட்டிவலி வந்ததிலிருந்து எட்டு சிறுத்துவிட்டது. பிட்ச் வருடத்துக்கு ஒரு சாண் மடைப் பக்கம் நகர்ந்துகொண்டே வருகிறதாம். அதை மாற்ற யாருக்கும் மனசில்லை.

"லெவன் பிரதர்ஸ்னு பேர் வச்சியளே, பதினொண்ணு பேரும் அண்ணன் தம்பியா?"

"பதினொண்ணு பேரே கெடையாது ஓய். நாங்க ஒம்பது பேருதான். பம்பாய்ல இருந்த எங்கண்ணன் பேரையும் பட்டாளத்துல இருந்த மாமா பேரையும் சேத்து எழுதிக்கிட்டோம். அவுங்க ரெண்டு பேரும் சாவுற வரைக்கும் மட்டையைத் தொட்டதில்ல."

ஆளில்லாத பேரை ஏட்டில் ஏற்றித்தான் இந்தக் கிளப்பே ஆரம்பமாகியிருக்கிறது. வரைவில் "சிறு முறைகேடு" என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 12, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோஸ்லின் பின்வாசலில் துவைகல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். துவைக்கத் துணி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் இப்படித்தான், இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். வெயில் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். மார்ச் மாத வெயில் இறங்குகிற வெயிலா?

நான் வழக்கம்போல விதவைகள் சங்கக் கணக்கு எழுத சர்ச் ஆபீஸுக்குப் போய்விட்டேன். அங்கே ஃபேன் இரைச்சலில் வெளியில் என்ன நடந்தாலும் கேட்காது.

மார்ச் 15, புதன்

இரும்புப் பெட்டிச் சாவி எங்கே என்று ரோஸ்லின் கேட்டாள். அவள் அம்மா கொடுத்த வெண்கல உருளி அதில் இருக்கிறதாம். எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றேன்.

மார்ச் 18, சனி

சுயம்பு வந்து ஸ்கோர் நோட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தான். புள்ளி என்றால் ரன் இல்லாத பந்து. எண் என்றால் அத்தனை ரன். W என்றால் அவுட். ஒருவன் சந்தித்த ஒவ்வொரு பந்தும் அவன் பேருக்கு நேரே வரிசையாக இருக்கிறது. எங்கள் வருகைப் பதிவேட்டைவிட ஒழுங்கு. கையெழுத்துதான் கோழிக் கிறுக்கல்.

"ரன்னே எடுக்காம அவுட்டானா?"

"முட்டை சார். கோழிமுட்டை."

"முதல் பந்துலயே அவுட்டானா?"

"அதுவும் முட்டைதான். என்ன, கொஞ்சம் பெரிய முட்டை" என்றான். சிரித்தும்விட்டான். உடனே கதவு நிலையைப் பார்த்துக்கொண்டான்.

மார்ச் 21, செவ்வாய்

முதல் நோட்டு, ஏழாம் பக்கம். "ஜெரின் 4 . 6 W". முதன்முதலாக இன்றைக்குத்தான் அவன் ஆடுவதைப் பார்க்கிறேன்.

அவன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. வேலை அப்படி. குளத்துக் கரை வழியாகப் போனால் கடைத்தெரு கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஆனாலும் தோப்பு வழியாகச் சுற்றித்தான் போய்வருவேன். தோப்பு வழி நிழலாக இருக்கும்.

மார்ச் 28, செவ்வாய்

பதினொரு நோட்டுகளில் ஆறு முடிந்தது. கொரோனா வருடத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. வரலாற்றுக்காக எல்லார் கணக்கையும் எடுக்கிறேன், ஜெரின் கணக்கை மட்டும் அல்ல. அவனுடையது சற்று விரிவாக வருகிறது, அவ்வளவுதான்.

ஒன்று தெரிந்துகொண்டேன். பயல் முதல் பந்தை விட்டதே இல்லை. வந்த வேகத்தில் எடுத்து வீசியிருக்கிறான். பாதி ஆட்டங்களில் முதல் பந்து நாலு அல்லது ஆறு. பதினோரு தடவை முதல் பந்தே W. இரண்டு பந்து பார்த்தால் என்ன? எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன். பால்வாடியில் மணி அடிக்குமுன் வாசலில் நிற்பான். பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்குமுன்பே ஸ்டார்ட் பண்ணுவான். என் ரத்தத்தில் இந்த அவசரம் கிடையாது. அம்மா வழி.

ரோஸ்லினிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். புளிக்குழம்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 6, வியாழன்

எட்டாம் நோட்டு நேற்று முடிந்தது. ஜெரின் கணக்கு ஐம்பத்தெட்டு ஆட்டம், 1,240 ரன்.

இன்று ஒன்பதாம் நோட்டு. மனசு நிறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். பையன் திருந்திவிட்டான்! முதல் பந்து புள்ளி. இரண்டாவது புள்ளி. மூன்றாவதுக்கு ஒரு ரன். பார்த்துப் பார்த்து ஆடி முப்பத்தொன்று. அடுத்த ஆட்டம் நாற்பத்து நாலு. அதற்கடுத்தது இருபத்தேழு, அவுட்டே இல்லை. எந்த ஆட்டத்திலும் முதல் பந்தை வீசவில்லை. ஒரு முட்டைகூடக் கிடையாது. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததெல்லாம் வீண்போகவில்லை, எங்கேயோ காதில் விழுந்திருக்கிறது.

ரோஸ்லினைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். "இங்க பாரு, எப்படிப் பொறுப்பா ஆடியிருக்கான் பாரு" என்றேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தலையில் கை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. அப்படியே பின்வாசலுக்குப் போனாள்.

ஏப்ரல் 8, சனி

அட்டவணையில் தேதி நிரப்ப ஒன்பதாம் நோட்டை எடுத்தேன். தேதி பார்க்காமல் எந்த ஏட்டையும் நான் படித்தவன் இல்லை. அன்று பார்க்கவில்லை.

முதல் பக்கத்தில் 22.5.22 என்று இருக்கிறது.

பேனாவை மூடி வைத்தேன். மறுபடி திறந்து பார்த்தேன். 22.5.22 தான். அடுத்தது 29.5.22. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பத்தாம் நோட்டு, பதினோராம் நோட்டு, கடைசிப் பக்கம் இந்த மார்ச் முதல் வாரம். பதினாலு ஆட்டம், 388 ரன். எல்லாம் ஜெரின். எல்லாம் மே எட்டுக்குப் பிறகு.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். சர்ச்சுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

சுயம்பு ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். நோட்டை அவன் முன்னால் போட்டேன். அவன் பிடித்திருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

அவன் சொன்ன விவரம் இது: நம் பக்கத்து டோர்னமென்ட்களில் ஒரே ஊர்க்காரர்கள்தான் ஒரு அணியில் ஆடவேண்டும். முதலிலேயே பேர்ப் பட்டியலும் ஆதார் நகலும் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. யாராவது வராவிட்டால் வெளியூர்க்காரன் ஒருவனை அவன் பேரில் இறக்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதானாம். போன வருடம் குளத்துக்கு எதிர்ப்பக்கம் அக்கரையில் நடந்த டோர்னமென்டுக்குக் கொடுத்த பட்டியலில் ஜெரின் பேர் இருந்தது. மே இருபத்திரண்டு அரையிறுதி. ஆள் குறைந்தது. செங்கல்சூளையில் வேலை பார்க்கும் மாசானம் என்பவனை ஜெரின் பேரில் இறக்கிவிட்டார்கள்.

"ஒரு நாளைக்குன்னுதான் சார் செஞ்சோம்."

"பதினாலு நாள் ஆகியிருக்கு."

ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஆதார் கார்டு எங்கெருந்து கெடைச்சுது? அடுத்த டோர்னமென்டுக்கெல்லாம் நகல் யாரு குடுத்தா?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அடித்தால்கூட வாங்கிக்கொள்வான் போலிருந்தது, நான் அடிக்கவில்லை. இனி அந்தப் பேரை எவன் எழுதினாலும் டோர்னமென்ட் கமிட்டிக்கெல்லாம் கடிதம் போடுவேன், அந்த 388 ரன்னையும் கோடு போட்டு அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெரினின் ஆதார் கார்டு ரோஸ்லினின் பைபிளுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற வழி முழுவதும் அதை நினைக்காமலே நடந்து வந்தேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

காலையில் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"நாந்தான் குடுத்தேன்."

"ஏன்?"

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. அவன் போயி பதினாலு நாள் ஆகியிருந்துச்சு. நீங்க சர்ச் ஆபீஸுக்குப் போயிட்டிய. துவைகல்லுல உக்காந்திருந்தேன். அக்கரை மைக்ல, 'அடுத்து களமிறங்குகிறார் ஜெரின்'னு சொன்னான். வாடகைக்கு வந்த மைக் செட்டுக்காரன், அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு எந்திரிக்க முடியல. 'ஜெரின் அருமையாகத் தட்டிவிட்டார், ஜெரின் ஓடுகிறார்'னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஓடுதான்னு சொன்னான்ங்க."

கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அன்னைக்கு இருட்டுறதுக்குள்ள கரையில போயி நின்னேன். பயலுவ என்னைப் பாத்ததும் காலுல விழுந்துட்டானுவ. இனிமே செய்ய மாட்டோம் சித்தின்னு அழுதானுவ. செய்ங்கன்னு சொன்னேன். கார்டையும் குடுத்தேன். எம்புள்ள பேருல முட்டை மட்டும் போடாதன்னு அந்த மாசானத்துக்கிட்ட சொன்னேன்."

முதல் பந்துப் புள்ளிகளின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பொறுப்பு இல்லை. ரோஸ்லினுக்குக் கொடுத்த வாக்கு.

"ஏட்டுல பொய் எழுதுறது தப்பு" என்றேன். எனக்குச் சொல்ல வந்தது அதுதான்.

"ஊரு பூராவும் அவன் பேரைச் சொல்லாம தாண்டிப் போவுது. நீங்களும் இந்த வீட்டுல அவன் பேரை வாய்விட்டுச் சொல்லி ஒரு வருசம் ஆகப்போவுது. நோட்டு எழுத வந்த பெறகுதான் சொல்லுதிய. எனக்கு வாரத்துல ஒரு நாளு அந்த மைக்குதான் சொல்லுச்சு. அதையும் அடிக்கணும்னா அடிங்க."

கீரையில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஏப்ரல் 12, புதன்

கமிட்டிக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டேன். தபால்தலை இல்லை.

ஏப்ரல் 15, சனி

தபால்தலை வாங்கினேன். ஒட்டவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

சாப்பிட்டதும் ரோஸ்லின் பின்வாசலுக்குப் போனாள். நான் செருப்பை மாட்டினேன். பிறகு கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு துவைகல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள், நாற்காலிக்கு எதற்கு இடம் என்று தெரியவில்லை.

என் மிரட்டலையும் மீறி, மூன்றேகால் மணிக்கு மைக் சொன்னது. தண்ணீர் வற்றிய குளத்தைத் தாண்டி எழுத்தெழுத்தாக வந்தது. ஜெ. ரி. ன். நான் வைத்த பேர். பதிவேட்டில் என் கையால் எழுதிச் சேர்த்த பேர்.

"ஜெரின் பொறுமையாக ஆடுகிறார்" என்றான் மைக் செட்டுக்காரன். ரோஸ்லின் லேசாகச் சிரித்தாள். "இவன் என்னத்தைக் கண்டான், அவனாவது பொறுமையாவது" என்றாள்.

பத்தொன்பது ரன். அவுட்டானதும் இரண்டு பேரும் உள்ளே வந்து காப்பி குடித்தோம். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஏப்ரல் 20, வியாழன்

மாசானம் வந்தான். இருபத்து நாலு வயது இருக்கும். முழங்கை வரை செங்கல் தூசி. படியேறமாட்டேன் என்று வேலியோரமாகவே நின்றான். சுயம்பு அனுப்பினானாம், என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். உன் ஊர் அணியில் ஆடவேண்டியதுதானே என்று கேட்டேன்.

"சூளையில ஏழு வீடு சார். டீம் போட ஆளு எங்க? வேற ஊர்ல சேக்க மாட்டாவ. வேற ஆளு பேருன்னாத்தான் எனக்கு ஆட்டம்."

"உன் பேரை மைக்ல சொன்னதே இல்லையா?"

"இல்ல சார். ஒரு தடவகூட இல்ல" என்றான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னான்.

பிறகு அவனே, "எனக்கு மொத பந்தே அடிக்கத்தான் சார் கை வரும். மொத நாளு அவரு பேருங்குற பயத்துல நின்னேன். பெறகு சித்தி சொல்லிட்டாவ. கையக் கட்டிக்கிட்டு நிக்கேன்" என்றான். ரோஸ்லின் அவனுக்குச் சோறு போட்டாள். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

மே 4, வியாழன்

தாழைவிளை கேடயப் போட்டியில் நம் அணி இறுதிக்கு வந்துவிட்டது. கடற்கரைப் பக்கம், நாற்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வரலாற்றின் கடைசி அத்தியாயத்துக்கு நேரில் பார்த்து எழுதவேண்டும், வேனில் எனக்கும் ஒரு இடம் போடு என்று சுயம்புவிடம் சொன்னேன். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தான்.

ரோஸ்லின் மட்டும், "அவ்வளவு தூரத்து மைக் எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள்.

மே 6, சனி

எழுதுவதில்லை என்று வைத்திருந்ததை இன்று எழுதுகிறேன்.

போன வருடம் மே எட்டு, ஞாயிறு. ஜெரினுக்கு நெல்லையில் எழுத்தர் வேலைக்கான தேர்வு. அன்றைக்கே மூன்று மணிக்கு அக்கரையில் ஆட்டம். தேர்வுக்குப் போகமாட்டான் என்று எனக்குப் பயம். முந்தின நாள் சாயங்காலம் அவன் குளிக்கப் போனபோது மட்டையை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். காலையில் வீடெல்லாம் தேடினான். "அப்பா, பேட்டைப் பாத்தியளா?" என்றான். "பரீட்சை எழுதிட்டு வா, தாரேன்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் போனான். ஒரு மணிக்குத் தேர்வு முடிந்திருக்கிறது. இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்து மட்டையை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கு அக்கரையில் நிற்கவேண்டும் என்று வந்திருக்கிறான். நான் தாரேன் என்று சொன்னதை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறான். ஒன்று முப்பத்தைந்துக்கு லாரி.

தேர்வு நன்றாக எழுதியிருந்தான். முடிவு வந்தபோது அவன் எண் இருந்தது.

இன்று நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். சாவி என் பேனாப் பெட்டியில்தான் இருந்தது. மட்டையை எடுத்து வெளியே வைத்தபோது பின்னால் ரோஸ்லின் நிற்கிறாள்.

"ரோஸ்லின், இது..." என்றேன்.

"தெரியும். அன்னைக்கு நீங்க பெட்டியைப் பூட்டுன சத்தம் கேட்டுச்சு."

"உருளி வேணும்னு சாவி கேட்டியே?"

"உருளி அடுக்களையிலதான் இருக்கு. நீங்களா எடுத்துருவியளோன்னு கேட்டேன்."

ஒரு வருடமாக இவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்றால் சொல்லியிருப்பேன், தினமும் சொல்லியிருப்பேன். அவள் முந்தானையால் மட்டையைத் துடைத்தாள். நான் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். போன வருடம் எல்லார் முன்னாலும் அழாமல் நின்றதற்கும் சேர்த்து அழுதேன்.

மே 7, ஞாயிறு

தாழைவிளையில் கூட்டம் என்றால் கூட்டம். தேரிக்காட்டுச் செம்மணல், கண்ணைத் திறக்க முடியாத காற்று. ஸ்கோர் எழுத என்னையே உட்கார வைத்தார்கள். எதிர் அணி பத்து ஓவரில் எண்பத்து மூன்று எடுத்தது.

நம் ஆட்டம் தொடங்குமுன் வம்பு வந்தது. அந்த அணிக்காரன் ஒருவன், "அந்தச் செவத்த பனியன் போட்டவன் சூளைக்காரன், நொச்சிமடைக்காரன் இல்ல" என்று கமிட்டியில் போய்ச் சொல்லிவிட்டான். கமிட்டிச் செயலாளர் ஆதார் நகலையும் மாசானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆதார் படத்தில் யார்தான் தன்னைப்போல இருக்கிறார்கள்? அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. "இந்த ஜெரின் குடும்பத்துல இருந்து யாராவது எழுதிக் குடுத்தா விடுதோம். இல்லைன்னா உங்க டீமுக்குத் தடை" என்றார்.

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான். மாசானம் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தான்.

நான் எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன். "மேற்படி ஜெரின் என்பவர் என் மகன். நொச்சிமடையில் என் வீட்டில் குடியிருந்து வருகிறார் எனச் சான்றளிக்கிறேன்." தேதி போட்டேன். ஞானதிரவியம், பள்ளி எழுத்தர், ஓய்வு, என்று கையெழுத்துப் போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்ச் சான்றிதழ்.

"ஒங்க மவந்தானா சார்?" என்று செயலாளர் மறுபடி கேட்டார்.

"எம்மவந்தான்" என்றேன்.

திரும்பி வந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கிலிருந்து ஜெரின் மட்டையை எடுத்து மாசானத்திடம் கொடுத்தேன். அடையாளம் தெரிந்து சுயம்பு வாயைப் பொத்திக்கொண்டான்.

"மொத பந்தைத் தட்டாத. அவன் தட்ட மாட்டான்" என்றேன்.

"முட்டை போட்டா சித்தி..."

"சித்திக்கு நான் சொல்லிக்கிடுதேன். எடுத்து வீசு."

மூன்றாவது விக்கெட் விழுந்தது. நான் ரோஸ்லினுக்கு போன் போட்டேன். அவள் எடுத்ததும் போனைத் தலைக்குமேல் தூக்கி, மூங்கிலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்தேன்.

"நொச்சிமடை லெவன் பிரதர்ஸ் அணிக்காக அடுத்து களமிறங்குகிறார் ஜெரின்!"

முதன்முதலாக அவன் ஆட்டத்தை நேரில் பார்க்கிறேன். முதல் பந்து வந்தது. மாசானம் ஒரு வருடமாகக் கட்டி வைத்திருந்த கையை அவிழ்த்து வீசினான். பந்து எவ்வளவு உயரம் போனது என்றால், கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெயிலுக்குள் போய் மறைந்து, காற்றுக்குத் திரும்பி, எல்லைக்கோட்டு ஓரத்தில் நின்றவன் கையில் வந்து விழுந்தது.

"ஜெரின் ஆட்டமிழந்தார்!" என்றது மைக். பட்டாசு வெடித்தார்கள். நான் போனைக் காதில் வைத்தேன்.

"மொத பந்தா?" என்றாள்.

"மொத பந்துதான்."

"எடுத்து வீசிட்டானா?"

"வீசிட்டான் ரோஸ்லின்."

"அவனேதான்" என்றாள். பிறகு அழுதாள். இந்த ஒரு வருடத்தில் அவள் சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் நோட்டில் ஜெரின் என்ற பேருக்கு நேரே W போட்டேன்.

நாலு ரன்னில் தோற்றோம். வேனில் யாரும் மாசானத்தை ஒன்றும் சொல்லவில்லை. மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன், இறங்கும்போது என்னிடம் நீட்டினான். வைத்துக்கொள் என்றேன்.

மே 8, திங்கள்

கிளப் வரலாற்றை முடித்துச் சுயம்புவிடம் கொடுத்தேன். ஆட்டக்காரர் பட்டியலில்: மாசானம், 15 ஆட்டம், 407 ரன். ஜெரின், 59 ஆட்டம், 1,240 ரன், கடைசி ஆட்டம் முதல் பந்து, பூஜ்யம்.

அவன் படித்துப் பார்த்துவிட்டு, "சார், மாசானம் பேரை மலர்ல போட்டா கமிட்டிக்காரன்லாம் படிச்சிருவானே?" என்றான்.

"கிரிக்கெட் மலரை எவன்டே படிக்கான்? போடு" என்றேன். தாழைவிளை கமிட்டிக்கு நான் எழுதிக்கொடுத்தது பொய் என்று நானே எழுதிப் போட்டுவிடுகிறேன், கேடயம்தான் நமக்கு வரவில்லையே என்றும் சொன்னேன். "சிறு முறைகேடு" என்று பூலோகத்தைப் பற்றி எழுதியிருந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

சாயங்காலம் கல்லறைக்குப் போய்வந்தோம். வந்ததும் ரேஷன் கார்டுப் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன். நீக்கப்பட வேண்டியவர் பெயர்: ஜெரின். உறவுமுறை: மகன். நீக்குவதற்கான காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ரோஸ்லின் வந்து பக்கத்தில் நின்றாள்.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினேன்.